ஹந்தானை மண்ணும் நைதரசனும்: உரநிலைப்படுத்திகள் பற்றிய ஒரு சமூக வரலாற்று நோக்கு

1

மண்ணின் வரலாறு மண்ணியலாருக்கும் மனிதரின் வரலாறு வரலாற்றாசிரியருக்கும் உரியவை என்னும் பாகுபாடு நமது உயர்கல்வி மரபில் நெடுங்காலமாக நிலைபெற்றுள்ளது. இலக்கிய மாணவரோ இவ்விரு துறைகளுக்கும் புறத்தே நிற்பவராகக் கருதப்படுகின்றார். ஆயின், மலையகத் தமிழ் இலக்கியத்தைப் பயிலும் எவரும் மண்ணையும் உரத்தையும் பற்றிச் சிந்தியாது நெடுந்தூரம் செல்லுதல் இயலாது. தேயிலைக்கு உரமாகிப்போன மனிதர் என்பது அவ்விலக்கியத்தின் ஆழ வேரூன்றிய படிமங்களுள் ஒன்றாகும். அப்படிமத்தை உணர்ச்சி மிகுதியாற் பிறந்த உவமையாக மாத்திரம் கொள்வதா, அன்றி அதன் பின்னால் அளந்தறியக்கூடிய பௌதிக உண்மையொன்று உண்டா என்னும் வினாவே இக்கட்டுரையின் தோற்றுவாயாகும்.

இவ்வினாவுக்கு விடைகாணும் பொருட்டு, வேளாண் இரசாயனத்தின் அண்மைக்காலக் கருவிகளுள் ஒன்றான உரநிலைப்படுத்தியை நாம் எடுத்துக்கொள்கின்றோம். நைதரசன் உரத்துடன் கலக்கப்பட்டு, அவ்வுரம் மண்ணில் மாற்றமடையும் வேகத்தைக் குறைக்கும் பொருள்களே உரநிலைப்படுத்திகள் எனப்படுகின்றன. உரம் வீணாகாமற் காக்கும் கருவியாகவும், நீர்நிலைகளையும் வளிமண்டலத்தையும் பாதுகாக்கும் வழியாகவும் இவை இன்று உலகெங்கும் பரிந்துரைக்கப்படுகின்றன.

பேராதனை வளாகத்தின் பின்னே உயர்ந்து நிற்கும் ஹந்தானை மலைத்தொடரே நமது ஆய்வுக்களம். காடழித்துக் கோப்பி பயிரிடப்பட்டதும், கோப்பி அழிந்து தேயிலை வந்ததும், தேயிலை கைவிடப்பட்ட சரிவுகளில் மானாப்புல்லும் பைனசு மரங்களும் ஏறியதும் ஆகிய மூன்று கட்டங்களையும் இம்மலையிற் காணலாம். தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் மத்திய மலைநாட்டுக்கான பிராந்திய நிலையமும் இங்கேயே உள்ளது. 1925ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட தேயிலைத் தொழிற்சாலையொன்று 2001 முதல் தேயிலை அருங்காட்சியகமாக இயங்குவதும் இம்மலையிலேயாகும். ஆயினும், அருங்காட்சியகத்தில் எந்திரங்களைக் காண்கின்றோம். மண்ணின் வரலாற்றைக் காண்பதற்கில்லை.

2

முதற்கண் மண்ணில் நிகழ்வது யாது என்பதைச் சுருக்கமாக நோக்குவோம். வளியின் ஐந்தில் நான்கு பங்களவு நைதரசனேயாயினும், பயிர் அதனை நேரடியாக உள்வாங்க வல்லதன்று. மண்ணில் அமோனியமாகவோ நைத்திரேற்றாகவோ இருக்கும்போதே வேர் அதனைப் பெரும்பாலும் உறிஞ்சுகின்றது. யூரியா இடப்படும்பொழுது, மண்ணிலுள்ள யூரியேசு என்னும் நொதியம் அதனைச் சில நாள்களுள் அமோனியமாகச் சிதைக்கின்றது. யூரியா மணியைச் சூழ்ந்த சிறு வட்டத்தில் அவ்வேளை காரத்தன்மை ஏறுவதால், ஒரு பகுதி நைதரசன் அமோனியா வாயுவாகி வளியிற் கலந்துவிடுகின்றது. உரம் மண்ணின் மேற்பரப்பிலே கிடக்க, அதனை உள்ளே கொண்டுசெல்லும் அளவுக்கு மழையும் பெய்யாதிருப்பின் இவ்விழப்பு மிகும்.

எஞ்சிய அமோனியத்தை மண்ணின் நுண்ணங்கிகள் முதலில் நைத்திரைற்றாகவும் பின்னர் நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. நைத்திரேற்றாக்கம் எனப்படும் இச்செயலைப் பற்றீரியாக்களே நிகழ்த்துகின்றன என்பதை இரசிய அறிஞர் வினோகிராட்ஸ்கி 1890ஐ ஒட்டிய ஆண்டுகளில் நிறுவினார். நேரேற்றம் கொண்ட அமோனியம், எதிரேற்றம் கொண்ட களித்துகள்களிலும் மக்கிலும் ஒட்டிக்கொள்ளும். எதிரேற்றம் கொண்ட நைத்திரேற்றுக்கு அத்தகைய பிடிமானம் இல்லை. மழைநீருடன் அது கீழிறங்கிவிடும். வளி குறைந்த ஈரமண்ணில் நைதரசனிறக்கம் என்னும் செயலால் அது வாயுவாகி வெளியேறுவதும் உண்டு. அவ்வாறு வெளியேறும் நைதரசு ஒட்சைட்டு, நூறாண்டுக் கணக்கில் காபனீரொட்சைட்டைப் போல் ஏறத்தாழ 273 மடங்கு வெப்பமூட்டும் ஆற்றலுடையது.

உரநிலைப்படுத்திகள் இவ்வோட்டத்தின் இரண்டு வாயில்களிற் காவல் வைக்கின்றன. யூரியேசைத் தடுக்கும் என்.பீ.பீ.ரீ. போன்றவை முதலாம் வாயிலிலும், நைத்திரேற்றாக்கத்தைத் தடுக்கும் நைத்திரபைரின், டைசயன்டைஅமைட்டு, டீ.எம்.பீ.பீ. போன்றவை இரண்டாம் வாயிலிலும் செயற்படுகின்றன. அமெரிக்க டவ் கம்பனியின் ஆய்வாளர் கோரிங் 1962இல் நைத்திரபைரினின் தன்மையை வெளியிட்டார். ஜேர்மானிய பீ.ஏ.எஸ்.எஃப். கம்பனியின் டீ.எம்.பீ.பீ. 1990களின் இறுதியிற் சந்தைக்கு வந்தது. இவை நைதரசனைப் புதிதாகப் படைப்பவையல்ல. சில வாரங்கள் அதனைத் தாமதப்படுத்துபவை. இவை விற்பது காலத்தையே எனலாம்.

தேயிலையைப் பொறுத்தவரை இத்தாமதம் கோட்பாட்டளவில் மிகப் பொருத்தமானது. தேயிலைச் செடி நைத்திரேற்றிலும் அமோனியத்தையே பெரிதும் விரும்புவது. தேநீரின் சுவைக்குக் காரணங்களுள் ஒன்றான தியனின் என்னும் அமினோவமிலம் அதன் வேர்களில் அமோனியத்தைக் கொண்டே ஆக்கப்படுகின்றது. ஆகவே அமோனியத்தை அமோனியமாகவே நீடித்திருக்கச் செய்வது செடிக்கு உவப்பானது. ஆனால் மலைமண்ணில் இச்செயல் அத்துணை எளிதாக நிகழ்வதில்லை. கண்டிப் பகுதியின் வெப்பத்தில் டைசயன்டைஅமைட்டு குளிர்நாடுகளிலும் பார்க்க விரைவாகச் சிதைகின்றது. நீரில் எளிதிற் கரையும் அப்பொருள், பெருமழையில் தான் காக்கவேண்டிய அமோனியத்தை விட்டுப் பிரிந்து கீழிறங்கிவிடவும் கூடும். மேலும், அமோனியம் நீண்டநேரம் தங்கியிருக்கும்போது அமோனியாவாக வெளியேறும் பங்கு கூடுதலும் உண்டு. ஒரு வாயிலை அடைப்பின் மறுவாயில் அகலும் என்பது நைதரசனின் இயல்பு.

3

நைதரசனை மலைமண்ணில் தங்கவைக்கும் முயற்சி இரசாயனக் கம்பனிகளுடன் தொடங்கியதன்று. அதன் வரலாறு பெருந்தோட்டத்தின் வரலாற்றோடு ஒத்த வயதுடையது. 1820களில் கம்பளையை அண்டிய சின்னப்பிட்டியிலும் பேராதனையை அண்டிய கன்னொறுவையிலும் கோப்பி பயிரிடப்பட்டது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிகள் பற்றிய கட்டளைச் சட்டத்தைத் தொடர்ந்து, கண்டியைச் சூழ்ந்த மலைக்காடுகள் பெருமளவில் தோட்டங்களாயின. ஹந்தானையும் அவற்றுள் ஒன்று. நூற்றாண்டுகளாகச் சேர்ந்திருந்த காட்டுமக்கே முதற் கோப்பித் துரைமாருக்குக் கிடைத்த உரம். காட்டை வெட்டி எரித்தபோது, அதன் நைதரசனில் ஒரு பகுதி புகையாயிற்று. எஞ்சியது சில பத்தாண்டுகளிற் கோப்பிக் கொட்டையாகவும், சரிவில் இறங்கிய சேறாகவும் வெளியேறியது.

இவ்வாறு மண் சளைத்தபோதே எரு பற்றிய பேச்சு எழுந்தது. சபனாடியர் என்னும் தோட்டத்துரை 1866இல் வெளியிட்ட கோப்பிச் செய்கை நூல், எருவிடுதலை விரிவாக ஆராய்கின்றது. தோட்டங்களில் மாட்டுப் பட்டிகள் எருவுக்கெனவே பேணப்பட்டன. எலும்புத் தூளும் பிண்ணாக்கும் பெரு நாட்டுக் குவானோவும் மலையேறின. 1869இல் கோப்பி இலைநோய் தோன்றிய பின்னர், மண்ணின் வறுமையே நோய்க்குக் காரணமோ என ஐயுற்ற தோட்டக்காரர் இரசாயனவியலாரை நாடினர். இலண்டன் இரசாயனவியலார் ஜோன் ஹியூஸ் 1879இல் இலங்கைக் கோப்பி மண்ணையும் எருக்களையும் பற்றி நூல் வெளியிட்டமை இச்சூழலிலேயே ஆகும்.

இங்கு ஓர் ஆண்டின் ஒற்றுமை மனங்கொள்ளத்தக்கது. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் என்பார் கண்டி மாவட்டத்தின் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலையை வர்த்தகப் பயிராக நட்டார். அதே ஆண்டில் கார்ல் மார்க்சின் மூலதனம் முதலாம் பாகம் வெளிவந்தது. ஜேர்மானிய இரசாயனவியலார் லீபிக்கின் நூல்களைக் கற்றிருந்த மார்க்ஸ், முதலாளித்துவ வேளாண்மை மனிதனுக்கும் மண்ணுக்கும் இடையிலான பொருட் பரிமாற்றத்தைக் குலைக்கின்றது என்றும், தொழிலாளியையும் மண்ணையும் ஒருங்கே சூறையாடுகின்றது என்றும் அந்நூலில் வாதித்தார். அவர் நோக்கியது இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தையும் நகரத்தையும். அவ்வாதத்தின் முழு வீச்சையும் காணவேண்டுமாயின் குடியேற்றநாட்டின் பெருந்தோட்டத்தை நோக்குதல் வேண்டும். ஆங்கு மண்ணிலிருந்து பிரிந்த சத்து கப்பலேறிக் கடல்கடந்தது. திரும்பி வருவதற்கு வழியே இருக்கவில்லை.

இவ்வெளியேற்றத்தை எண்ணாற் கூறலாம். பதப்படுத்திய தேயிலையின் நிறையில் ஏறத்தாழ நூற்றுக்கு நான்கு பங்கு நைதரசன். ஒரு ஹெக்டயரில் ஆண்டுக்கு 1,500 கிலோகிராம் தேயிலை கிடைப்பின், கொழுந்தோடு மட்டும் 60 கிலோகிராம் நைதரசன் அந்நிலத்தை விட்டு நீங்குகின்றது. 50 கிலோகிராம் யூரியா மூடையொன்றில் 23 கிலோகிராம் நைதரசன் உண்டு. அது 575 கிலோகிராம் தேயிலையில் அடங்கும் நைதரசனுக்கு ஈடானது. நீரிலும் வளியிலும் இழப்பு எதுவும் நேராதென வைத்துக்கொண்டாலும் கணக்கு இதுவே. இழப்புகளையும் சேர்ப்பின் மண்ணுக்கு மீட்டளிக்கவேண்டியது இதனிலும் மிகுதியாகும்.

இவ்விடைவெளியை நிரப்பியது யார்? துறைமுகத்தில் இறங்கிய எருமூடைகளின் கணக்கு ஏடுகளில் உண்டு. மலையில் அதனை ஏற்றிய முதுகுகளின் கணக்கு அவ்வாறு எழுதப்படவில்லை. நிழலுக்காகவும் தழைக்காகவும் நடப்பட்ட முருக்கு இனத்து டடப் மரங்களும் சீமைக்கிளுவையும், தம் வேர்முண்டுகளில் வாழும் பற்றீரியாக்களின் துணையால் வளியின் நைதரசனைப் பதிப்பவை. அவற்றின் கிளைகளை வெட்டி வரிசைகளுக்கு இடையே பரப்புதலும், முள்ளுக்குத்து எனத் தோட்டங்களில் வழங்கும் வேலையால் மண்ணை இளக்கித் தழையையும் உரத்தையும் உட்செலுத்துதலும், சரிவுக்குக் குறுக்கே கான் வெட்டி மேல்மண்ணைத் தடுத்தலும் ஆண்டுதோறும் நிகழ்ந்தன. கவ்வாத்து வெட்டிய மிலார்களை நிலத்திலேயே விடுதலும் இவ்வகையினதே. மண்ணியல் நோக்கில் இவை யாவும் நைதரசனை நிலைப்படுத்தும் செயல்கள். உரம் மண்ணுக்குள் மூடப்படின் அமோனியா வெளியேறுவதில்லை. கான் ஒழுங்காக இருப்பின் மக்கு ஆற்றுக்கு இறங்குவதில்லை. ஆகவே ஹந்தானையின் முதல் உரநிலைப்படுத்தி தோட்டத் தொழிலாளரின் உழைப்பே என்பது நமது துணிபு.

4

இருபதாம் நூற்றாண்டில் இவ்வுழைப்பின் ஒரு பகுதி தொழிற்சாலைக்கு இடம்பெயர்ந்தது. வளியின் நைதரசனிலிருந்து அமோனியா ஆக்கும் முறையை ஹாபர் 1909இல் காட்டினார். 1913இல் ஜேர்மனியின் ஒப்பாவில் அது தொழில்முறை உற்பத்தியாயிற்று. அமோனியஞ் சல்பேற்று மூடைகள் மலையேறத் தொடங்கியபின், எருவுக்காகப் பேணப்பட்ட மாட்டுப் பட்டிகள் முக்கியத்துவம் இழந்தன. உரம் மண்ணின் சுழற்சியிலிருந்து பெறும் பொருள் என்னும் நிலை மாறி, கடன் கொடுத்து வாங்கும் பண்டமாயிற்று.

இம்மாற்றத்துக்கு ஏற்ற அறிவையும் நிறுவனம் ஒன்று உற்பத்தி செய்தது. 1925இல் நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம், பின்னர் தலவாக்கலையின் சென்ற் கூம்ஸ் தோட்டத்தில் நிலைகொண்டது. இங்கிலாந்தின் றொதாம்ஸ்டெட் ஆய்வுநிலையத்திற் பணியாற்றி, புள்ளியியல் அறிஞர் பிஷருடன் ஆய்வுகள் வெளியிட்ட ஈடன் இங்கு வந்து தேயிலைக்கான வயற் பரிசோதனைகளை நெறிப்படுத்தினார். றொதாம்ஸ்டெட் என்பது சிறப்பான பெயர். பயிர்கள் தமக்கு வேண்டிய அமோனியாவை வளியிலிருந்தும் மழையிலிருந்தும் போதிய அளவு பெறும் எனக் கருதிய லீபிக்கை மறுத்து, நைதரசன் உரமின்றித் தானிய விளைச்சல் தாழும் எனப் பரிசோதனையாற் காட்டியவர்கள் அங்கிருந்த லோசும் கில்பேட்டும் ஆவர். லீபிக்கின் பெருநோக்கு சரியானது. நைதரசன் பற்றிய அவரது கணிப்புச் சரியானதன்று. மார்க்சியர் லீபிக்கைப் போற்றும்போது இவ்வேறுபாட்டையும் நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

அமோனியஞ் சல்பேற்று மண்ணின் அமிலத்தன்மையை உயர்த்துவது. தேயிலை அமிலமண்ணை விரும்பும் செடியாதலின் இக்கேடு நெடுங்காலம் புலப்படவில்லை. பின்னர் டொலமைற்று இட்டு அமிலத்தைத் தணிக்கவேண்டியதாயிற்று. நைதரசன் செறிவு மிகுந்த யூரியா அடுத்து வந்தது. மூடைக்கு மூடை நைதரசன் இரட்டிப்பாகும் என்பதால் அது மலிவானது. ஆனால் மேற்பரப்பில் விட்டால் வாயுவாகும் இயல்பும் அதனுடன் வந்தது.

இலங்கைத் தேயிலை மண் உலக அறிவியலின் விவாதப் பொருளானது இக்கட்டத்திலேயாகும். அமிலமண்ணில் நைத்திரேற்றாக்கம் நிகழாது என்பதே அக்காலப் பாடநூற் கருத்து. 1979இல் வோக்கரும் விக்கிரமசிங்கவும் அமிலத் தேயிலை மண்ணில் வாழும் நைத்திரேற்றாக்கப் பற்றீரியாக்களைப் பற்றி ஆய்வு வெளியிட்டனர். 1981இல் விக்கிரமசிங்க, சிவசுப்பிரமணியம், நல்லையா ஆகியோர் தேயிலை மண்களில் யூரியா சிதையும் முறையை ஆராய்ந்தனர். 1985இல் விக்கிரமசிங்கவும் றொதாம்ஸ்டெட் ஆய்வாளர் றொட்ஜர்சும் ஜென்கின்சனும், நைத்திரேற்றாக்கத் தடுப்பிகள் அமிலத் தேயிலை மண்ணிலும் நடுநிலைப் புல்வெளி மண்ணிலும் செயற்படும் விதத்தை ஒப்பிட்டனர். உரநிலைப்படுத்திகள் நமது மலைக்கு நேற்று வந்த பேச்சல்ல என்பதற்கு இவ்வாய்வுகள் சான்று.

பாடநூற் கருத்தை மறுத்த அவ்வாய்வுகளின் முழுப்பொருள் பின்னரே தெளிவாயிற்று. அமோனியாவை ஒட்சியேற்றுபவை பற்றீரியாக்கள் மாத்திரமல்ல, ஆர்க்கியா எனப்படும் வேறொரு தொகுதி நுண்ணங்கிகளும் அச்செயலைப் புரிகின்றன என்பது 2005இல் அறியப்பட்டது. அமிலமண்ணையே விரும்பும் அத்தகைய நுண்ணங்கியொன்று 2011இல் இனங்காணப்பட்டது. பற்றீரியாக்களைக் கருதி ஆக்கப்பட்ட தடுப்பிகள் இவற்றின்மேல் ஒரே அளவிற் செயற்படுவதில்லை. ஐரோப்பிய வயல்களிற் பெறப்பட்ட விளைவை மலைநாட்டுக்கு அவ்வாறே பெயர்த்துக் கூறுதல் அறிவியலாகாது என்பது இதனாற் பெறப்படும்.

5

இனி, நிலவுடைமைக்கும் மண்ணுக்குமுள்ள தொடர்பை நோக்குவோம். 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும் 1975ஆம் ஆண்டின் திருத்தமும் தோட்டங்களை அரசுடைமையாக்கின. அந்நியக் கம்பனிகளின் உடைமை முடிவுற்றமை முற்போக்கானதே. ஆயின், மண்ணை அறிந்த தொழிலாளருக்கு அம்மண்ணில் எவ்வுரிமையும் அளிக்கப்படவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டு, 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் 525,000 பேர் இந்தியாவுக்கு எனப் பங்கிடப்பட்ட மக்கள் அவர்கள். கண்டிப் பகுதியின் மத்திய மலைநாட்டுத் தோட்டங்களில் 1970களின் உணவுப் பஞ்சமும் வெளியேற்றமும் கடுமையாயிருந்தன. நைதரசனை நிலைநிறுத்த வழிதேடிய அதே காலத்தில், அதனை நிலைநிறுத்தி வந்த மனிதர் நிலைபெயர்க்கப்பட்டனர்.

இதன் சுவடு நிலத்திலேயே பதிந்துள்ளது. பராமரிப்பற்ற தேயிலைச் சரிவுகள் மானாப்புல் வெளிகளாயின. 1970களின் இறுதியிலும் 1980களிலும் இத்தகைய நிலங்களிற் கரீபியப் பைனசு நடப்பட்டது. மேல் ஹந்தானையில் இன்று உல்லாசப் பயணிகள் படம் பிடிக்கும் பைனசுச் சோலை இவ்வரலாற்றின் விளைவு. பைனசின் ஊசியிலைகள் காபன் மிகுந்து நைதரசன் குறைந்தவை. அவை மெல்லவே மக்குபவை. சளைத்த மண்ணுக்கு அம்மரம் போர்வையாயிற்று, உணவாகவில்லை. 2010இல் ஹந்தானை சுற்றாடற் பாதுகாப்புப் பிரதேசமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. பாதுகாக்கப்பட வேண்டியதாக மலை கருதப்பட்டதற்கு முன்னர் அது எவ்வாறு வறுமையுற்றது என்பதும் அறியப்பட வேண்டியதே.

1992இல் தோட்டங்களின் முகாமை கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டபோது, இலாபம் குறைந்த மத்திய மலைநாட்டுத் தோட்டங்கள் பல அரச நிறுவனங்களின் பொறுப்பிலேயே எஞ்சின. இரு வகையிலும் செலவுக் குறைப்பு என்பது முள்ளுக்குத்து, கான், நிழல்மரம் ஆகிய நீண்டகால வேலைகளின் ஆட்களைக் குறைப்பதாகவே அமைந்தது. கொழுந்து இன்று வருவாய் தரும். கான் பத்தாண்டுக்குப் பின்னரே பயன் தரும். குறுகிய குத்தகைக் கண்ணோட்டம் முன்னதையே தேர்ந்தெடுக்கும். உரநிலைப்படுத்தி கவர்ச்சி பெறுவது இவ்விடத்தில்தான். உரத்தை மண்ணால் மூட ஆளில்லையாயின் யூரியேசுத் தடுப்பி அவ்வேலையைச் செய்யும். உரத்தைப் பல தவணைகளாகப் பிரித்து இட ஆளில்லையாயின் நைத்திரேற்றாக்கத் தடுப்பி தவணைகளைக் குறைக்கும். மார்க்சியக் கலைச்சொல்லிற் கூறுவதாயின், உயிருள்ள உழைப்பின் இடத்தை உறைந்த உழைப்பு பெறுகின்றது. எந்திரத்துக்கு உரிய இவ்விதி, பிடியளவு இரசாயனத்துக்கும் பொருந்துகின்றது.

நைதரசன் திடீரென இல்லாதுபோனால் நேர்வது யாது என்பதை 2021 காட்டியது. அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் நெடுநாட் போராட்டத்தின் பின் 1,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. மே 6ஆம் நாள் வர்த்தமானி அறிவித்தலால் இரசாயன உரங்களின் இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தடை நீக்கப்பட்டபோதும், அடுத்து வந்த அந்நியச் செலாவணி நெருக்கடியில் உரவிலை எட்டாத உயரத்துக்கு ஏறியது. 2021இல் ஏறத்தாழ 299 மில்லியன் கிலோகிராமாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி, 2022இல் ஏறத்தாழ 251 மில்லியன் கிலோகிராமாகத் தாழ்ந்தது. இவ்வீழ்ச்சி தொழிலாளரின் வீட்டுக்குள் எவ்வாறு நுழைந்தது என்பது விளக்கத்துக்குரியது. நாளொன்றுக்குக் குறித்த நிறை கொழுந்து பறித்தாலே முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். செடியில் நைதரசன் குறையின் தளிர் குறையும். தளிர் குறையின் நிறை குறையும். நிறை குறையின் சம்பளம் பாதியாகும். பெரும்பாலும் பெண்களான கொழுந்து பறிப்போர், மண்ணின் பற்றாக்குறையைத் தம் சம்பளத்தால் ஈடுசெய்யும் நிலைக்குத் தள்ளப்பட்டனர்.

இயற்கை எரு வேண்டும் என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆயின், நூற்றைம்பது ஆண்டுகளாக ஏற்றுமதியால் வற்றிய மண்ணின் கடனை ஒரு வர்த்தமானித் தாளால் தீர்க்க முயன்றமை வரலாற்றை அறியாத செயல். மாட்டுப் பட்டியும் தழைமரமும் அவற்றுக்கான உழைப்பும் இல்லாத இடத்தில் இயற்கை வேளாண்மையை ஆணையிட்டு உண்டாக்க முடியாது.

6

இத்தொழில்நுட்பத்துக்கு வேறொரு பாதையும் உண்டு என்பதைத் தமிழகமும் இந்தியாவும் காட்டுகின்றன. வேப்பம் பிண்ணாக்கு நைத்திரேற்றாக்கத்தைத் தாமதப்படுத்துவது. யூரியாவை வேப்பம் பிண்ணாக்குடன் கலந்து இடுதல் தமிழக நெல் விவசாயிகளுக்குப் பழக்கமானது. ஐந்து பங்கு யூரியாவுக்கு நான்கு பங்கு ஜிப்சமும் ஒரு பங்கு வேப்பம் பிண்ணாக்கும் சேர்த்து ஓரிரவு வைத்திருந்து இடுமாறு அங்கு பரிந்துரைக்கப்படுகின்றது. 2015இல் இந்திய அரசு உள்நாட்டு யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய் பூசுதலைக் கட்டாயமாக்கியது. மானிய யூரியா தொழிற்சாலைகளுக்குத் திருப்பப்படுவதைத் தடுத்தலும் அதன் நோக்கங்களுள் ஒன்று. யாழ்ப்பாணத்தில் குழை தாழ்க்கும் மரபு நெடியது. அங்கேயே, சுண்ணக்கல் நிலத்தின் கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்து குடிநீர் கெட்டமையும் நாம் கண்டுள்ள உண்மை. மரபு இருந்தும், சந்தைப் பயிரின் நெருக்குதல் அதனை மேவியது.

மறுபுறத்தில், நியூசிலாந்தின் அனுபவம் எச்சரிக்கை தருவது. மேய்ச்சல் நிலங்களில் இடப்பட்ட டைசயன்டைஅமைட்டின் எச்சம் பாலில் காணப்பட்டதனால் 2013 சனவரியில் அதன் விற்பனை நிறுத்தப்பட்டது. காணப்பட்ட அளவு உடல்நலத்துக்குத் தீங்கானதெனக் கூறப்படவில்லை. ஏற்றுமதிச் சந்தையின் அச்சமே தீர்ப்பளித்தது. தேயிலையும் இலையாகவே உண்ணப்படும் ஏற்றுமதிப் பண்டம் என்பதை இங்கு நினைவூட்டுதல் தகும்.

7

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு மீளுவோம். தமிழில் உரம் என்னும் சொல் வலிமையையும் எருவையும் ஒருங்கே குறிப்பது. உழுதலினும் எருவிடுதல் சிறந்தது என்றும், நீர் பாய்ச்சுதலினும் காத்தல் சிறந்தது என்றும் வள்ளுவர் உழவதிகாரத்தில் நிரல்படுத்தியமை யாவரும் அறிந்ததே. இட்டதைக் காத்தலே பெரிது என்னும் அக்கருத்து, உரநிலைப்படுத்தியின் தத்துவத்தையும் அடக்கி நிற்கின்றது. ஆயின், வள்ளுவரின் உழவன் நிலத்தின் அருகிலேயே வாழ்பவன்; நிலத்துக்குரியவன் செல்லாதிருப்பின் நிலம் ஊடும் என்பதும் அதே அதிகாரத்தின் கருத்து. பெருந்தோட்டத்தில் நிலத்துக்குரியவர் இலண்டனிலோ கொழும்பிலோ இருந்தார். நிலத்தின் அருகில் வாழ்ந்தவருக்கு நிலம் உரியதாகவில்லை.

சீ. வீ. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் இயற்றிய தேயிலைத் தோட்டம் பற்றிய நெடும்பாடல், தேயிலையின் அடியிற் புதையுண்டு கிடக்கும் முன்னோரைப் பேசுவது. அவருக்குப் பின்வந்த மலையகக் கவிஞர் பலரும் அப்பொருளை மீளமீள எடுத்தாண்டனர். திறனாய்வாளர் சிலர் இதனைத் தேய்ந்த படிமம் என ஒதுக்குவர். மண்ணின் நைதரசன் கணக்கை நோக்கியபின் அவ்வாறு ஒதுக்குதல் எளிதன்று. மலைமண்ணிலிருந்து வெளியேறிய சத்துக்கும் மீண்டு வந்த சத்துக்கும் இடையிலிருந்த பள்ளம் மனித உழைப்பால் நிரப்பப்பட்டது. அவ்வுழைப்புக்குரிய ஊதியம் முழுமையாக வழங்கப்படவில்லை. கவிஞர் உவமையாகக் கூறியதை ஏட்டுக் கணக்கும் உறுதிசெய்கின்றது.

இதற்கு மாறாக, பல்கலைக்கழக மரபில் ஹந்தானை வேறொரு முகம் கொண்டது. 1969இல் வெளிவந்த 'ஹந்தானே கதாவ' என்னும் சிங்களத் திரைப்படம் முதலாக, இம்மலை மாணவர் காதலுக்கும் இளமை நினைவுக்கும் குறியீடாகவே வழங்கிவருகின்றது. அவ்வழகுணர்வை நாம் பழிக்கவில்லை. வளாகத்திலிருந்து நோக்கும்போது பனிமூடிய முகடு தெரிகின்றது. லயத்திலிருந்து நோக்கும்போது முள்ளுக்குத்த வேண்டிய சரிவு தெரிகின்றது. ஒரே மலையை இரு வர்க்கங்கள் இருவேறு மலைகளாகக் காண்கின்றன. இவ்விரு காட்சிகளையும் ஒருங்கு வைத்து நோக்குவதே இலக்கிய ஆய்வின் பணியாகும்.

இதுகாறும் கூறியவற்றால் உரநிலைப்படுத்திகளை நாம் எதிர்க்கின்றோம் என்று கொள்ளலாகாது. உற்பத்திச் சக்திகளின் வளர்ச்சியை மறுப்பது மார்க்சியமன்று. நைதரசனிற் சிறு பங்காயினும் ஆற்றுக்கும் வளிக்கும் போகாது செடிக்குச் சேருமாயின், அது மகாவலிக்கும் நன்று, நாட்டின் செலாவணிக்கும் நன்று, கொழுந்து பறிப்பவரின் நிறைக்கும் நன்று. நாட்டின் தேயிலையில் பெரும்பகுதியை இன்று உற்பத்தி செய்யும் சிற்றுடைமையாளருக்கு, மூடையொன்று இரு வாரம் கூடுதலாகப் பயன்தருமாயின் அது சிறு நன்மையன்று. ஆனால் அத்தாமதத்தின் பயன் யாரைச் சேரும் என்பதை இரசாயனம் தீர்மானிப்பதில்லை. கானும் தழைமரமும் கைவிடப்பட்டு அவற்றின் இடத்தில் மட்டும் தடுப்பி வருமாயின், மேல்மண் இறங்கிக்கொண்டேயிருக்கும். நிலைப்படுத்துவதற்கு மண்ணே இராது. ஈட்டிய மிச்சம் மண்ணுக்கும் உழைப்போருக்கும் மீளுமாயின் அதே பொருள் சிறந்த துணையாகும்.

ஆகவே, ஹந்தானை நிலையமும் பேராதனையின் விவசாய பீடமும் தத்தம் பரிசோதனைகளில், அமோனியம் எத்தனை நாள் தங்கிற்று என்பதோடு எத்தனை ஆள்நாள் உழைப்பு இடம்பெயர்ந்தது என்பதையும் அளத்தல் வேண்டும். வேப்பம் பிண்ணாக்கு நமது அமிலமண்ணில் எவ்வாறு செயற்படும் என்பதும் அப்பரிசோதனைகளுள் இடம்பெறத்தக்கது. தழைமரம் வெட்டியவரும் உரம் போட்டவரும் தலைமுறையாகச் சேர்த்த மண்ணறிவைத் தமிழிற் பதிவுசெய்தல் எம்போன்ற இலக்கிய மாணவரின் கடன். அவ்வறிவை உடையோரின் தொகை ஆண்டுதோறும் குறைந்துவருகின்றது. மண்ணிலிருந்து நைத்திரேற்று இறங்குவதுபோல் அதுவும் சத்தமின்றி இறங்கிவிடும்; அதனைத் தாமதப்படுத்தும் மருந்து எந்தக் கம்பனியிடமும் இல்லை.